இரண்டாவது முடிவு

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிக்கொண்டுவரும் முதல் கதையில் பெரும்பாலும் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. சங்கு ஊதுகிறது. மழை கொட்டுகிறது. தோட்டத்துக் கண்டக்டர் ஏசுகிறார். அப்பா குடிக்கிறார். அம்மாவுக்கு முட்டி வீங்குகிறது. கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருவர் செத்துப்போகிறார். எல்லாம் நடக்கிறது, ஆனால் யாரும் எதையும் செய்வதில்லை. கேரளத்து வண்டிப்பெரியாரில் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மாடியறையில் மாதம் ஒரு சனிக்கிழமை கதை படிக்கக் கூடுகிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே கதை எழுதி வருகிறேன். ஆனாலும் கதை எப்படி நகர்கிறது என்பதை நான் சரியாகக் கற்றுக்கொண்டது அந்த மாடியறையில்தான், இந்த மாதிரிக் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான்.

இந்தப் பிள்ளைகள் எழுதுவது பொய்யில்லை. அவர்கள் கண்ட வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுவது என்பதைச் சங்கு சொல்லும். எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் சொல்வார்கள். எந்த லயத்தில், எத்தனையாவது வீட்டில் குடியிருப்பது என்பதைக் கம்பெனி சொல்லும். 1956 நவம்பர் முதல் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தபோது கொழுந்துக்கூடை சுமந்தவர்களின் கருத்தை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2000 வாக்கில் பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சம்பளம் நின்றது, செலவுக்காசு நின்றது, ஆஸ்பத்திரி நின்றது. ஆற்றுக்கு மேலே முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நிற்கிறது. அதில் எத்தனை அடி தண்ணீர் நிறுத்துவது என்பதைச் சென்னையும் திருவனந்தபுரமும் டெல்லியும் வழக்காடித் தீர்மானிக்கின்றன. 2018 ஆகஸ்டில் மதகுகள் திறக்கப்பட்டபோது தண்ணீர் வந்தது எங்கள் ஆற்றோர வீடுகளுக்கு. இத்தனையையும் பார்த்து வளர்கிற பிள்ளை, முடிவு என்பது வேறு எங்கோ, வேறு யாரோ எடுப்பது என்று நம்பினால் அதில் வியப்பில்லை. கதை எழுத உட்காரும்போதும் அந்த நம்பிக்கைதான் கையைப் பிடித்து நடத்துகிறது.

நான் அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான். முதல் முடிவு நம்முடையது இல்லைதான். அது துரையுடையது, சர்க்காருடையது, மழையுடையது, சில சமயம் கடவுளுடையது. அதைக் கேட்டபிறகு, அதைத் தாங்கிக்கொண்டபிறகு, லயத்து அடுப்படியில் ஒருத்தி ஒரு முடிவெடுக்கிறாள் பாருங்கள், அந்த இரண்டாவது முடிவு அவளுடையது. அதிலிருந்து கிளம்பும் விளைவுதான் கதை. அவளுக்கு அந்த இடத்தைக் கூடக் கொடுக்காமல் கதை எழுதினால், கம்பெனி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அதிகமாக எழுதியவன் எடுத்துக்கொள்கிறான்.

இதற்குத் தமிழில் ஜெயகாந்தனைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எங்கள் கூட்டத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். மழைநாளில் கல்லூரி விட்டு நிற்கும் ஏழைப் பெண், காரில் வரும் இளைஞன், நடக்கக்கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவுக்கு முதலில் ஆத்திரம் பொங்குகிறது, அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, அதை நெருப்பாக நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். கதை அதோடு முடிகிறது. தமிழ்நாடு கொந்தளித்தது, ஆதரித்தும் எதிர்த்தும் எழுதினார்கள், பேசினார்கள்.

அதற்குப் பிறகு ஜெயகாந்தன் செய்ததுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பாடம். அதே பெண், அதே மழை, அதே கார். ஆனால் அம்மா வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். அலறுகிறாள், விஷயம் வெளியே போகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு மாற்றத்திலிருந்து ஒரு நாவலே கிளம்பியது. தினமணி கதிரில் தொடராக வந்த அந்த நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது, 1977இல் திரைப்படமாகவும் வந்தது. நாவலில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பேர். மாமா வீட்டில் வளர்கிறாள், படிக்கிறாள், பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள். ஆனாலும் அந்த ஒரு இரவில் அம்மா போட்ட கூச்சலுக்குள்ளேயே வாழ்கிறாள். நாவலுக்குள் அவள் ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். அதில் அம்மா தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொள்கிறாள். தன் அம்மாவையும் அதைப் படிக்க வைக்கிறாள். வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, முடிவெடுத்தவளே படித்துப் பார்க்கும்படி ஒரு எழுத்தாளர் செய்திருக்கிறார் என்றால் அதைவிடக் கடுமையான விளைவு வேறு என்ன இருக்கிறது?

இரண்டிலும் காரில் நடந்தது மாறவில்லை. பெண்ணும் மாறவில்லை. அவன் மாறவில்லை. சேதியைக் கேட்ட ஒருத்தியின் முடிவு மட்டும் மாறியது. ஒருத்திக்குச் சிறுகதை கிடைத்தது, இன்னொருத்திக்கு நாவல் நீளத்துக்குத் துன்பம் கிடைத்தது.

‘அக்கினிப் பிரவேச’த்தை வாசித்த ஒரு சனிக்கிழமை, தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா வந்திருந்தார். எழுதுகிறவர் இல்லை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்:

“ஏன் சார், தண்ணி ஊத்துனதப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்க என்னானு கேக்கையில, பிள்ள மழைல நனைஞ்சு வந்துருச்சுனு அந்தம்மா ஒரு பொய் சொல்லுச்சுல்ல. அதுதான பெருசு? அந்தப் பொய் வாயில வரலன்னா தண்ணி எங்க ஊத்துறது?”

அறை முழுக்க அமைதியானது. நான் அந்தக் கதையை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் லயத்தில் வாழ்ந்தவர். ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் ஆறாவது வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒரு காது இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டேதான் அங்கே அழுவார்கள், அடிப்பார்கள், கூடுவார்கள். அப்படி வாழ்ந்தவருக்குத்தான் அந்தக் கதையின் திருப்பம் எந்த நொடியில் இருக்கிறது என்று தெரிந்தது. ஜெயகாந்தன் அந்தப் பெண்ணையும் அம்மாவையும் ஒண்டுக்குடித்தனத்தில் குடிவைத்திருக்கிறார். அது சும்மா வைத்த இடம் இல்லை. கேட்கிற காது பக்கத்தில் இருப்பதால்தான் அம்மாவின் முடிவுக்கு அவசரம் வருகிறது, விலை வருகிறது. தனி பங்களாவில் அந்த அம்மா எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. யார் கதை கொண்டுவந்தாலும், பாத்திரம் எந்த முடிவை எடுத்தது என்று கேட்பதற்கு முன்னால், அந்த முடிவு யார் காதில் விழும், யார் கண்ணில் படும், எந்த நோட்டில் பதியும் என்று கேட்கிறேன். விளைவு அந்த வழியாகத்தான் வரும். வானத்திலிருந்து வராது.

நோட்டு என்றதும் நான் எழுதிய ஒரு கதையைச் சொல்லவேண்டும். தோட்டங்களில் பேர் பதிவது என்பது பெரிய சமாச்சாரம். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் வேலை, வீடு, கம்பளி, எல்லாம். அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தவர்கள், கடனைக் கழிக்க முடியாமல் இரவோடிரவாக வேறு தோட்டத்துக்கு ஓடியதும் உண்டு, அங்கே வேறு பேரில் பதிந்ததும் உண்டு. என் கதையில் ஒரு கிழவன் அப்படித்தான் செய்கிறான். 1948இல் மலைக்கு அந்தப் பக்கமிருந்த தோட்டத்திலிருந்து வந்து, செத்துப்போன தம்பியின் பேரைச் சொல்லிப் பதிந்துகொள்கிறான். பொய் சொன்னதால் கடன் தொலைந்தது, பெண்டாட்டி பிழைத்தாள், பிள்ளை பிறந்தான். பொய்யின் பலன் முழுக்க நல்லதாகவே இருந்தது, அந்தத் தலைமுறைக்கு.

பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படுகிறபோதுதான் கதை தொடங்குகிறது. கேரளத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய மலை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே குடும்பம் கேரள எல்லைக்குள் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தோட்டத்து லயத்தில் குடியிருந்தவனுக்குப் பட்டா ஏது, வரி ரசீது ஏது? தோட்டத்துப் பழைய ரிஜிஸ்டர் ஒன்றுதான் கதி. என் கதையில் ரிஜிஸ்டர் கிடைக்கிறது. தேதியும் சரியாக இருக்கிறது, 1948. பேர் மட்டும் தாத்தாவுடையது இல்லை. அவளுடைய அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றில் தாத்தாவின் உண்மையான பேர் இருக்கிறது. கிழவன் தன் மகனைச் சேர்க்கும்போது மட்டும் உண்மைப் பேரைச் சொல்லியிருக்கிறான். இரண்டு காகிதமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இங்கே வரைக்கும் நடந்தது கிழவனின் முடிவின் விளைவு. இதை அப்படியே எழுதி, விண்ணப்பம் தள்ளுபடியானது என்று முடித்தால் அது செய்தி. நான் வில்லேஜ் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பேத்தியின் அப்பாவிடம் வெகுநேரம் நின்றேன். அவன் உண்மையைச் சொல்லலாம்: என் அப்பா பொய்ப் பேரில் பதிந்தார் என்று. சொன்னால் மகளுக்கு ஒருவேளை வழி பிறக்கும். ஆனால் அவனே தோட்டத்தில் பதிந்திருப்பது அந்தப் பொய்ப் பேர்க்காரனின் மகனாகத்தான். பி.எஃப். அதில், வீடு அதில், இனி வரவேண்டிய சர்வீஸ் காசு அதில். உண்மையைச் சொன்னால் முப்பது வருஷ உழைப்புக்கான காகிதங்களை யாராவது கேள்வி கேட்பார்கள். சொல்லாவிட்டால் மகளின் படிப்பு. இரண்டும் அவனுக்கு வேண்டும், இரண்டில் ஒன்றை அவன் கையாலேயே கீழே வைக்கவேண்டும். அந்த இடத்துக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கதைக்காரனின் வேலையில் பெரும்பங்கு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நிறுத்தினால் வாசகனுக்கு முன்கூட்டியே விடை தெரிந்துவிடும். தேவையான இரண்டுக்கு நடுவில் நிறுத்தவேண்டும்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் மகள் விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். ஏன் எடுத்தாள் என்று நான் எழுதவில்லை. அப்பாவைக் காப்பாற்ற எடுத்தாளா, தாத்தாவின் பொய்யை வெளியே சொல்லக் கூசி எடுத்தாளா, அப்பா எப்படியும் சொல்லமாட்டார் என்று தெரிந்து, அதைக் கண்ணால் பார்க்க மனமில்லாமல் எடுத்தாளா? படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்றும் கதைக்குள் இருக்கின்றன.

விளைவை எழுதும்போது பழகாத கைகள் செய்வது, தண்டனை கொடுப்பது. குடிக்கிற அப்பா பள்ளத்தில் விழுந்து சாவார். கொழுந்து எடையில் திருடிய ஆளை யானை மிதிக்கும். வட்டிக்காரிக்குப் பக்கவாதம் வரும். இதில் ஓர் ஏக்கம் இருக்கிறது, எனக்கு அது புரிகிறது. அநியாயம் செய்தவனுக்கு ஊரில் ஒன்றும் ஆகவில்லை, கதையிலாவது ஆகட்டுமே என்கிற ஏக்கம். ஆனால் யானை வந்து மிதிப்பதற்கும் அவன் திருடியதற்கும் நடுவில் எந்தக் கயிறும் இல்லை. எடையில் இரண்டு கிலோ குறைத்து எழுதுகிறவனுக்கு நிஜமாக என்ன நடக்கும்? கூடைக்காரிகள் அவன் தராசுக்குப் போகாமல் அடுத்த தராசில் வரிசை கட்டுவார்கள். அவன் வரிசை சும்மா நிற்பதைத் துரை பார்ப்பார். அல்லது அவன் மகளும் கொழுந்துக்குப் போக வேண்டிவந்து, இன்னொருவன் தராசில் நிற்பாள். அந்தத் தராசில் என்ன நடக்கும் என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இப்படித் தேடினால் விளைவு அவன் செய்த காரியத்துக்குள்ளேயே கிடக்கும். யானையைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.

புதுமைப்பித்தன் இதில் ஆசான். 1943இல் வந்த ‘சாப விமோசன’த்தில் ராமனின் கால் பட்டு அகலிகை பெண்ணாகிறாள். அந்த முதல் முடிவு அவளுடையது இல்லை, சாபமும் அவளுடையது இல்லை, விமோசனமும் அவளுடையது இல்லை. கௌதமனோடு வாழப் பார்க்கிறாள். பிறகு சீதை வந்து, ராமன் தன்னைத் தீயில் இறங்கச் சொன்னதைச் சொல்கிறாள். தனக்கு விடுதலை கொடுத்தவனே இன்னொருத்தியிடம் நிரூபணம் கேட்டான் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடி கல்லாகிப் போகிறாள். யாரும் சபிக்கவில்லை. புராணத்தையே புரட்டிப்போட்ட விளைவுக்குக் காரணமாக அவர் வைத்தது இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்ட ஒரு பேச்சு.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், ‘துன்பக் கேணி’. இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. இங்கே கூட்டத்துக்கு வருகிற எல்லாரையும் அதைப் படிக்கச் சொல்கிறேன். நம் பாட்டிமார்கள் கப்பலேறினார்கள், சிலர் கம்பம் வழியாக மலையேறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலையும் சொல்வேன். அது வால்பாறைத் தோட்டங்களைப் பற்றியது. அதிலும் ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புகிற முடிவுதான் மீதி எல்லாவற்றையும் இழுத்துவருகிறது. பசியில் எடுத்த முடிவு என்பதற்காக அது முடிவில்லை என்று ஆகிவிடாது.

வண்ணநிலவனின் ‘எஸ்தர்’ இன்னொரு வகை. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டிய குடும்பம், கூட்டிப்போக முடியாத நிலையில் ஒரு பாட்டி. எஸ்தர் என்ன செய்தாள் என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஆனாலும் படித்தவன் தூங்கமாட்டான். முடிவைக் காட்டாமல் விளைவை மட்டும் காட்டி எழுதுவது இது. சொல்லித்தர முடியாது. படிக்கத் தரலாம்.

முடிவு என்றாலே உயிர்போகிற விஷயமாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ போதும். வீட்டுக்கு வந்து போகிற குழந்தைகளில் சிலருக்கு ஒருவர் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்கிற பையனுக்கு விட்டுப்போகிறது. அவ்வளவுதான். அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்து, தானே வைத்திருந்த டைரியை நீட்டி, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். கொடுத்தவருக்கு மறந்தே போயிருந்த ஒரு சின்னத் தேர்வு, ஒரு பையனின் நெஞ்சில் எத்தனை நாள் கிடந்து எந்த வடிவத்தில் திரும்பி வருகிறது! என் பார்வையில் தமிழின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று இது. இதைப் படித்தபிறகு எங்கள் பிள்ளைகள் சாவை எழுதுவது கொஞ்சம் குறைந்தது.

பெரிய சம்பவங்களை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு சிக்கல். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, போனஸுக்காகத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பேரில் அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. கம்பெனி கடைசியில் 20 விழுக்காடு கொடுக்கச் சம்மதித்தது. இதைக் கதையாக்கிக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கூட்டத்தை எழுதினார்கள், கோஷத்தை எழுதினார்கள். அந்தப் பெண்கள் செய்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கூட்டம் முடிவெடுப்பதில்லை. முதல் நாள் காலையில் சங்கு ஊதியபிறகும் கூடையை எடுக்காமல், படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிய ஒருத்தியும், பக்கத்து வீட்டில் கூடையை எடுத்துக்கொண்டு போன ஒருத்தியும் இருந்திருப்பார்கள். போனவளுக்கும் காரணம் இருந்திருக்கும். போராட்டம் ஜெயித்து, இருவருக்கும் ஒரே போனஸ் வந்தபிறகு, ஒரே தண்ணிக்குழாயில் எப்படி முகம் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள் என்பேன்.

2011 டிசம்பரும் அப்படித்தான். அணைப் பிரச்சினை முற்றி, எல்லையில் வண்டி ஓடாமல், இடுக்கியின் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பயந்து கம்பம், போடிப் பக்கம் இறங்கிப் போன நாள்கள். போவதா இருப்பதா என்று இரவு முழுக்க விளக்கணைத்துப் பேசிய வீடுகள் நிறைய. அதைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் எழுதியதில் குடும்பம் போய்விடுகிறது. பசுவைப் பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தபோது பசு நன்றாக இருக்கிறது, பால் கறந்த கணக்கைச் சேச்சி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், காசோடு. அந்த நோட்டை வாங்கும்போது அம்மாவுக்கு வருகிற வெட்கம்தான் கதை. போனது தப்பு என்று கதை சொல்லவில்லை. உயிர்ப்பயம் பொய்யில்லை. ஆனாலும் போன முடிவுக்கு ஒரு விலை இருந்தது, அது யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது.

கடந்த சில மாதங்களாக எங்கள் கூட்டத்தை ஆட்டிவைக்கிற கதை ஒன்று இருக்கிறது. எழுதியது தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறாள். விஷயம் இங்கே எல்லா லயத்திலும் தெரிந்தது. வீடு கம்பெனியுடையது. அம்மாவுக்கு ஓய்வு வயது வந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும். சர்வீஸ் காசு கைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஆகலாம். அதனால் வீட்டில் ஒரு பிள்ளை பேர் பதிந்துகொண்டால் வீடு தங்கும். பீர்மேட்டுத் தோட்டத்தில் பிறந்து மானுடவியல் ஆய்வாளரான ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியான தன் ஆங்கில நூலில், தேயிலை நெருக்கடி இந்தக் குடும்பங்களை என்னவெல்லாம் செய்தது என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஆய்வு முழுத் தோட்டத்தையும் பார்க்கும், கதை ஒரு வாசற்படியில்தான் நிற்கமுடியும்.

அவளுடைய முதல் படியில் ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்கா கொச்சியில் துணிக்கடையில் வேலை, தங்கை பிளஸ் டூ. அம்மாவுக்கு வயதாகிறது, தங்கை பேர் பதிகிறாள், அழுகிறாள், முடிந்தது.

“யாரும்மா முடிவு பண்ணது?” என்று கேட்டேன்.

“வீட்ல எல்லாருந்தான் சார்.”

“முதல்ல வாயத் தொறந்தது யாரு?”

பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் வேறு கதை வந்தது. அக்கா இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு மூவரும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். இரண்டாவது இரவும் அப்படியே. யாராவது பேசவேண்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அக்காவின் மௌனமே ஒரு முடிவு என்பது தங்கைக்குப் புரிகிறது. விடிகாலையில் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்புமுன், தங்கை அம்மா கொழுந்துக்குப் போகும்போது கட்டும் பழைய படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டிப் பார்க்கிறாள். அதை அக்கா பார்க்கிறாள். ஒரு வார்த்தையும் இல்லை. தங்கை அம்மாவோடு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள்.

நான் அதோடு நிறுத்தச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மூன்று வருஷம் தள்ளி இன்னொரு காட்சி எழுதியிருந்தாள். பொங்கலுக்கு அக்கா கணவனோடு வருகிறாள். உள் அறையில் பெட்டியை வைக்கப் போகிறாள். தங்கை, “அந்த ரூம்ல வேண்டாம்க்கா, முன்னாடி வைய்யி. இங்க என் சாமான் கெடக்கு” என்கிறாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா பெட்டியை எடுத்து முன்னால் வைக்கிறாள்.

அந்தக் கடைசிக் காட்சி வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்ட இடத்திலேயே விளைவுகள் எல்லாம் வாசகனுக்குத் தெரிந்துவிடுகின்றன, பிறகு எழுதுவது நீட்டல் என்றேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அவள் சொன்னது இது:

“சார், அங்க நிறுத்துனா அவ தியாகம் பண்ணுனவளா மட்டும் ஆயிருவா. படிக்கிறவங்களுக்கு அவமேல பாவமா இருக்கும், அவ்ளோதான். அவளுக்குக் கோவம் இருக்கு. வீட்ட அவ வாங்கிருக்கா, படிப்பக் குடுத்து வாங்கிருக்கா. அது அவ வீடுன்னு அவ ஒரு நாள் சொல்லணும்ல?”

மறுபடி படித்துப் பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் ஆபீஸ் மேசையிலேயே நிறுத்தலாம் என்றுதான் படுகிறது. கட்டு இறுக்கமாக இருக்கும். ஆனால் அவள் சொல்கிற கோபம் அந்த மேசையில் இல்லை என்பதும் நிஜம். தங்கையின் முடிவால் அக்கா எதை இழந்தாள் என்பது பெட்டி முன்னறைக்கு நகரும்போதுதான் வெளியே வருகிறது. கதை அவள் எழுதியபடியே பத்திரிகைக்குப் போயிருக்கிறது.

அந்த இரண்டு இரவும் அக்கா ஏன் வாய் திறக்கவில்லை என்பதைத் தனியாக எழுதிப் பார்க்கிறேன், கொச்சியிலிருந்து பஸ் ஏறுகிற இடத்திலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன் என்றாள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறாள்.